மறுமுனையில் யார்?

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் ‘டித்வா’ புயல் இலங்கையைத் தாக்கியபோது, மாத்தளை மாவட்டத்துக் கம்மடுவைப் பகுதியில் ஒரே நாளில் 500 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை கொட்டியது. மண்சரிவும் வெள்ளமும் நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோயின. அந்த நாட்களில் கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் என்னோடு பேசிய மலையகத்து நண்பர்கள் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “ஊரில் யாரை அழைத்துச் சொல்வது?”

எண்கள் எல்லோரிடமும் இருந்தன. பொலிஸுக்கு 119, இடர் முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்புலன்ஸுக்கு 1990. தொலைபேசிக் கோபுரங்கள் பல செயலிழந்து கிடந்ததால் அழைப்புகள் போகவில்லை என்பது ஒரு பக்கம். ஆனால் நண்பர்களின் கேள்வியில் அதைவிட ஆழமான ஒன்று இருந்தது. அழைப்புப் போய்ச் சேர்ந்தாலும் மறுமுனையில் எடுப்பவர் யார்? அவருக்கு நம் மொழி புரியுமா? நாம் சொல்லும் இடம் எங்கே இருக்கிறதென்று தெரியுமா? கேட்டதை வைத்துக்கொண்டு எதையேனும் செய்யும் அதிகாரம் அவருக்கு உண்டா?

அவசர அழைப்பை ஏற்று உதவியை அனுப்பிவைக்கும் அந்த மனிதருக்குத் தமிழில் நிலைபெற்ற ஒரு பெயர்கூட இன்னும் இல்லை. அம்புலன்ஸ் சாரதியை நாம் அறிவோம். தீயணைப்பு வீரரை அறிவோம். அவர்களை ஏவிவிடும் குரலை எவரும் அறியார். அந்தக் குரலுக்கு உரியவரை எப்படிப் பயிற்றுவிப்பது என்பதை உலகம் பல சாவுகளைக் கொடுத்துத்தான் கற்றிருக்கிறது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லி, அதிலிருந்து மாத்தளை மலைகளுக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

* * *

மலையகத் தமிழரின் வரலாற்றில் மாத்தளை ஒரு வாசற்படி. 1840களில் கோப்பித் தோட்டங்களில் வேலை செய்ய வந்த தமிழர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தா என்று நடந்து மாத்தளையை அடைந்தார்கள். அங்கிருந்துதான் கண்டிச் சீமையின் பல தோட்டங்களுக்கும் பிரிந்துபோனார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பட்டினியும் வழியெல்லாம் உயிர்களைப் பறித்தன. அந்தப் பத்தாண்டுக் காலத்தில் 70,000 பேர்வரை மாண்டிருக்கலாம் என்று அக்காலத்துக் கொழும்புப் பத்திரிகை ஒன்று எழுதியது. அந்தக் கணக்கு மிகையானது என்பாரும் உண்டு. சாவுகள் ஆயிரக்கணக்கில் நிகழ்ந்தன என்பதை மறுப்பார் இல்லை. நடந்து பிழைத்து வந்தவர்கள் அம்மனுக்கு நன்றி சொன்ன இடம் என்ற நினைவோடுதான் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் இன்றும் வணங்கப்படுகிறது. மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் வீதியுலா வரும் விழாவைக் கண்டவர்கள் அந்த நினைவின் கனத்தை உணர்ந்திருப்பார்கள்.

அந்தச் சாவுகளில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியவை. வழியில் கிணறும் தங்குமடமும் மருந்தும் இருந்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள். பின்னாளில் அவை ஓரளவு அமைக்கவும்பட்டன. விழுந்துகிடப்பவன் தன் நிலையைச் சொல்ல ஓர் ஆள் இல்லாதிருந்ததையே இங்கு நான் முக்கியமாகக் கருதுகிறேன். கங்காணி முன்னே போய்விட்டான். துரை மாத்தளைக்கு அப்பால் இருந்தான். அரசாங்கம் கொழும்பில் இருந்தது.

1872ஆம் ஆண்டில் தோட்டப்பகுதிகளுக்கான மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. தோட்ட மாவட்டங்களில் வைத்திய அதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். ஆயினும் நோயாளிக்கும் வைத்தியருக்கும் இடையில் ஒரு நீண்ட சங்கிலி இருந்தது. தொழிலாளி கங்காணியிடம் சொல்லவேண்டும். கங்காணி கணக்கப்பிள்ளையிடம் சொல்லவேண்டும். கணக்கப்பிள்ளை துரையிடம் சொல்லவேண்டும். தோட்டத்துக்குத் தொலைபேசி வந்த பிறகும் அது பங்களாவிலும் ஆபீஸிலும்தான் இருந்தது. லயத்தில் நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு அந்தக் கருவியால் ஒரு பயனும் இல்லை.

இதில் ஒரு முரண் உண்டு. தோட்டத்தில் ஆட்களை ஒரே நேரத்தில் அழைக்கும் ஏற்பாடு முதலிலிருந்தே இருந்தது. விடியற்காலையில் பிரட்டுக்களத்துக்கு ஆள் கூட்டத் தப்பு அடிக்கப்படும். கடைசி லயம்வரை அது கேட்கும். மேலிருந்து கீழே வேலைக்கு அழைக்கும் ஓசை தெளிவாகவே இருந்தது. கீழிருந்து மேலே உதவி கேட்கும் ஓசைக்குத்தான் வழி இல்லை.

* * *

உதவி கேட்கும் ஓசைக்கு முதன்முதலாக ஒரு தனி வழி அமைந்தது லண்டனில். 1935 நவம்பர் 10ஆம் தேதி விம்போல் வீதியில் ஒரு வைத்தியரின் வீடு தீப்பற்றியது. எதிர்வீட்டுக்காரர் தொலைபேசியை எடுத்துத் தீயணைப்புப் படையை அழைக்க முயன்றார். அந்நாளில் இணைப்பகத்தில் இருக்கும் பெண்மணிதான் ஒவ்வோர் அழைப்பையும் எடுத்து இணைக்கவேண்டும். அவரது அழைப்பு மற்ற அழைப்புகளோடு சேர்ந்து வரிசையில் நின்றது. அத்தை வீட்டுக்கு நலம் விசாரிக்கும் அழைப்பும், எதிரே வீடு எரிகிறது என்ற அழைப்பும் இணைப்பகத்தின் பலகையில் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. அந்தத் தீயில் ஐந்து பெண்கள் இறந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் ‘டைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். விசாரணை நடந்தது. 1937 ஜூன் 30ஆம் தேதி லண்டனில் 999 என்ற எண் நடைமுறைக்கு வந்தது. அந்த எண்ணைச் சுழற்றினால் இணைப்பகத்தில் சிவப்பு விளக்கு எரியும், ஊதுகுழல் அலறும். இருப்பவர் மற்ற வேலையை விட்டுவிட்டு அதை எடுத்தாக வேண்டும்.

உலகின் முதல் அவசர அழைப்பு எண் அதுதான். அமெரிக்காவின் 911 அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து, 1968 பெப்ரவரியில், அலபாமாவின் ஹேலிவில் என்ற சிற்றூரில் தொடங்கியது. எண் என்பது வெறும் இலக்கம். ஆபத்தின் குரலை மற்றக் குரல்களிலிருந்து பிரித்து, அதற்கென ஓர் ஆளை ஒதுக்கியதே விம்போல் வீதிச் சாவுகள் கற்பித்த பாடம்.

அந்தப் பாடம் இலங்கைக்கு வந்து சேர இன்னொரு பேரழிவு வேண்டியிருந்தது.

* * *

மாத்தளை மாவட்டத்துக்குத் தெற்கே, கண்டியை அடுத்த பல்லேகலையில் நிலநடுக்கத்தைப் பதியும் ஒரு நிலையம் இருக்கிறது. உலகளாவிய வலையமைப்பு ஒன்றின் அங்கம் அது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலை, அன்றைய இலங்கை நேரப்படி ஏறக்குறைய ஏழு மணிக்குச் சுமாத்திராவுக்கு அருகே கடலடித் தரை பிளந்தது. சில நிமிடங்களில் பல்லேகலைக் கருவி அதை உணர்ந்தது. ஆனால் அந்த அதிர்வு நம் கரைக்கு என்ன செய்யும் என்று கணித்து, எவரிடமாவது சொல்லும் கடமை அந்நாளில் இலங்கையில் யாருக்கும் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை. ஹவாய்த் தீவில் பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையத்தில் இருந்தவர்களுக்கு நிலநடுக்கம் தெரிந்தது. இந்துமாக்கடல் நாடுகளில் யாரை அழைப்பது என்பதற்கான ஏற்பாடு அவர்களிடம் இல்லை. இந்தியாவிலோ, எச்சரிக்கைத் தொலைநகல் ஒன்று அப்போது பதவியில் இல்லாத முன்னாள் அமைச்சரின் முகவரிக்குப் போனதாகப் பத்திரிகைகள் எழுதின.

அதே காலை, நிலம் அதிர்வதற்குச் சற்று முன்னர், கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து மாத்தறைக்கு ஒரு ரயில் புறப்பட்டிருந்தது. போயா தினமும் நத்தார் விடுமுறையும் சேர்ந்த நாள், பெட்டிகள் நிறைந்திருந்தன. ஒன்பது மணிக்கு முன்பே கடல் கிழக்குக் கரையின் ஊர்களை அழிக்கத் தொடங்கிவிட்டது. செய்தி மருதானையிலுள்ள புகையிரதக் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தபோது, கரையோரப் பாதையில் ஓடிக்கொண்டிருந்த எட்டு ரயில்களை அவர்களால் நிறுத்த முடிந்தது. மாத்தறை ரயிலை அம்பலாங்கொடையில் நிறுத்த முயன்றார்கள். தொலைபேசி மணி அடித்தது. நிலைய ஊழியர்கள் எல்லோரும் மேடையில், அந்த ரயிலின் வேலையிலேயே நின்றிருந்தார்கள். மணியைக் கேட்டு ஒருவர் வந்து எடுத்தபோது ரயில் புறப்பட்டுவிட்டது. அடுத்த நிலையங்களை அழைத்தார்கள். அங்கே பதில் சொல்ல யாரும் இல்லை. ரயிலில் இருந்தவர்களோடு நேரடியாகப் பேச வழியும் இல்லை.

காலை ஒன்பதரை மணியளவில் பெரேலியா என்ற இடத்தில் முதல் அலை ரயிலை நிறுத்தியது. ஊர்மக்கள் பலர் உயரமான பாதுகாப்பிடம் என்று நம்பி ரயிலில் ஏறிக்கொண்டார்கள். பிறகு வந்த பேரலை பெட்டிகளைப் புரட்டியது. குறைந்தது 1,700 பேர் இறந்தார்கள் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. உலக ரயில் வரலாற்றில் இதைவிடப் பெரிய உயிரிழப்பு பதிவாகவில்லை.

அம்பலாங்கொடை ஊழியர்களைக் குற்றஞ்சாட்ட நான் இதை எழுதவில்லை. கடல் எழுந்துவரும் என்று அவர்களுக்கு எந்தக் கையேடும் சொல்லியிருக்கவில்லை. ரயில் நிற்கும்போது எல்லோரும் மேடைக்குப் போவதே அன்றாட வழக்கம். ஆனால் அந்த வழக்கம் ஒரு கேள்வியை எழுப்புகிறது. நிலையம் மிகப் பரபரப்பாக இருக்கும் அந்த ஐந்து நிமிடங்களில்தான் தொலைபேசிக்கு அருகே ஓர் ஆள் கட்டாயம் இருந்திருக்கவேண்டும். லண்டன் 1937இல் கற்ற பாடமும் அதுவே.

இதற்கு நேரெதிரான நிகழ்ச்சி அதே காலையில் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்ற மீனவ ஊரில் நடந்தது. சிங்கப்பூரில் வேலைபார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். கடல்நீர் ஏறுவதை வீட்டார் ஏற்கெனவே கண்டிருந்தார்கள். அவ்வூரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. அலைகளின் உயரத்தை மீனவர்களுக்கு நாள்தோறும் அறிவிக்கப் பயன்பட்டது அது. அதன்வழியே ஊரை விட்டு ஓடச் சொன்னார்கள். 3,000க்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த ஊர். படகுகளும் வீடுகளும் போயின, உயிர் ஒன்றும் போகவில்லை.

பல்லேகலைக் கருவியோடும் மருதானைக் கட்டுப்பாட்டு அறையோடும் ஒப்பிட்டால் நல்லவாட்டின் ஒலிபெருக்கி மிக எளிய பொருள். ஆனால் அங்கே அழைப்பை எடுக்க ஆள் இருந்தது, கேட்டதை நம்பினார்கள், உடனே செய்யத்தக்க காரியம் ஒன்று பழக்கத்தில் இருந்தது. பயிற்சி என்பது இந்த மூன்றும்தான்.

சுனாமிக்குப் பிறகு, 2005இல், இலங்கையில் இடர் முகாமைத்துவச் சட்டம் நிறைவேறி, இடர் முகாமைத்துவ நிலையமும் உருவானது. 2012 ஏப்ரலில் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது கரையோர மக்கள் உரிய நேரத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அன்று அலை வரவில்லை. வந்திருந்தாலும் 2004 திரும்பியிருக்காது என்று சொல்லலாம். பழக்கினால் பழகக்கூடிய காரியம்தான் இது.

* * *

மணி அடித்தவுடன் எடுப்பது முதற்படி. எடுத்தபின் என்ன பேசுவது என்பது அடுத்த படி. இதற்கும் ஒரு வரலாறு உண்டு.

அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் ஜெஃப் கிளாசன் என்ற இளம் வைத்தியர் 1970களின் இறுதியில் ஒரு குறையைக் கண்டார். அழைப்பை ஏற்பவர் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியதைக் கேட்டார்கள். சிலர் நிறையக் கேட்டார்கள். சிலர் ஒன்றுமே கேட்காமல் வண்டியை அனுப்பினார்கள். கிளாசன் 29 வகை அவசர நிலைகளுக்கு அட்டைகள் எழுதினார். ஒவ்வொரு வகைக்கும் கேட்கவேண்டிய கேள்விகள், வண்டி வரும்வரை அழைத்தவர் செய்யவேண்டியவை, எவ்வகை உதவியை எவ்வளவு விரைவாக அனுப்புவது என்று மூன்று பகுதிகள். இன்று உலகெங்கும் கணினித் திரையில் ஓடும் கேள்விமுறைகள் பலவற்றுக்கு அந்த அட்டைகளே மூலம்.

அவற்றில் பெரிய புதுமை நடுப்பகுதிதான். அழைப்பை ஏற்பவர் செய்தியைக் கடத்திவிட்டு ஒதுங்குபவர் அல்லர். முதல் வைத்திய உதவியே அவர் வாயிலாகத்தான் தொடங்குகிறது என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. மாரடைப்பில் இதயம் நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைக்கிறது. நான்கைந்து நிமிடங்களில் மூளை சேதமடையத் தொடங்கும். எந்த நகரத்திலும் அம்புலன்ஸ் அதற்குள் வந்துசேர்வது அரிது. “நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வையுங்கள், இரண்டு அங்குல ஆழத்துக்கு அழுத்துங்கள், நிமிடத்துக்கு நூறு தடவைக்குக் குறையாமல், நான் எண்ணுகிறேன், நீங்கள் அழுத்துங்கள்” என்று தொலைபேசியில் சொல்லத் தெரிந்த ஒருவர் இருந்தால், உதவி அந்தக் கணத்திலேயே வந்துவிடுகிறது.

கேள்வி கேட்பதிலும் ஆபத்து உண்டு. 1984 ஜனவரியில் அமெரிக்காவின் டலஸ் நகரில், மூச்சுவிடத் திணறிய தம் சிற்றன்னைக்காக ஒருவர் அம்புலன்ஸ் கேட்டு அழைத்தார். அழைப்பை ஏற்ற தாதி, நோயாளியோடு தானே பேசவேண்டும் என்றார். அவரால் பேச முடியாது என்று அழைத்தவர் சொன்னார். தாதி விடவில்லை. அழைத்தவர் பொறுமையிழந்தார், தாதி அவரது பேச்சுமுறையைக் கண்டித்தார். வாக்குவாதம் முடிந்து வண்டி வந்தபோது அந்த அம்மையார் இறந்துவிட்டிருந்தார். ஒலிப்பதிவு நாடெங்கும் ஒலிபரப்பாயிற்று. அழைப்பவரின் பதற்றத்தை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளாதிருப்பதும், சந்தேகம் இருந்தால் முதலில் வண்டியை அனுப்பிவிட்டுப் பிறகு கேள்வி கேட்பதும் பயிற்சியில் சேரவேண்டியவை என்பதை அந்தச் சாவு உணர்த்தியது.

பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு இது அந்நியமான பாடம் அன்று. இரவுப்பணியில் பிரதேச நிருபர் தொலைபேசியில் அழைத்தால் “என்ன நடந்தது?” என்று முதலில் கேட்காதே, “எங்கே?” என்று கேள் என்பார் எனக்குத் தொழில் பழக்கிய மூத்த ஆசிரியர். இணைப்பு எந்த நொடியிலும் அறுந்துபோகலாம். இடம் தெரிந்திருந்தால் வேறொருவரை அனுப்பலாம். என்ன நடந்தது என்று மட்டும் தெரிந்திருந்தால் கையைப் பிசைந்துகொண்டுதான் இருக்கவேண்டும். உலகெங்கும் அவசர அழைப்புப் பயிற்சியின் முதல் விதியும் அதுவே என்பதைப் பிறகு அறிந்தேன். முதலில் இடம், அடுத்துத் திருப்பி அழைக்கும் எண், அதன் பிறகே மற்றவை.

* * *

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2005 ஆகஸ்ட் 15ஆம் தேதி ஐதராபாத்தில் 108 அம்புலன்ஸ் சேவை தொடங்கியது. 2008 செப்டம்பரில் தமிழகத்துக்கு வந்தது. அதே முறையைத் தழுவி, இந்திய அரசின் நன்கொடையில், 2016 ஜூலை 28ஆம் தேதி மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் ‘1990 சுவசெரிய’ தொடங்கியது. ஊழியர்கள் பலர் ஐதராபாத்தில் பயிற்சி பெற்றனர். அரச வைத்திய அதிகாரிகள் சங்கம் முதலில் எதிர்த்தது. இந்தியாவின் கை உள்ளே நுழைகிறது என்ற கூச்சலும் கிளம்பியது. இரண்டு ஆண்டுகளில் கூச்சல் அடங்கியது. 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் வட மாகாணச் சேவை தொடங்கிவைக்கப்பட்டது. தொடர்ந்து மத்திய மாகாணம் உட்பட நாடு முழுவதற்கும் விரிந்தது. 297 வண்டிகள், கட்டணம் எதுவும் இல்லை. அண்மைக் காலத்தில் இலங்கையில் எல்லா இனத்தவரும் ஒருமுகமாகப் பாராட்டிய பொதுச்சேவை வேறொன்றைச் சொல்வது கடினம்.

ஆகவே மாத்தளைத் தோட்டத்து லயத்தில் இருப்பவருக்கு இன்று ஒரு பெரிய மாற்றம் நேர்ந்திருக்கிறது. கைத்தொலைபேசி அவர் மடியில் இருக்கிறது. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் நடுவில் இல்லை. நூற்றெண்பது ஆண்டுகளில் முதன்முறையாக அவர் நேராக அழைக்கலாம். அழைக்கும் முனை மாறிவிட்டது. எடுக்கும் முனை அவருக்கேற்ப மாறியிருக்கிறதா என்பதே மிஞ்சியிருக்கும் கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். கொழுந்து பறிக்கும் பெண்களைக் குளவி கொட்டுவது மலையகத்தில் அடிக்கடி நேரும் விபத்து, உயிரிழப்புகளும் உண்டு. பதறிய ஒருவர் “பன்னிரண்டாம் நம்பர் மலையில குளவி கொட்டிருச்சு, மடுவத்துக்குத் தூக்கிட்டு வந்திருக்கோம்” என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்தில் ‘மலை’ என்றால் இலக்கமிட்ட தேயிலை நிலப்பகுதி. ‘மடுவம்’ என்றால் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. இவை தெரியாத ஒருவர், தமிழ் நன்றாகத் தெரிந்தவராகவே இருந்தாலும், வீதியின் பெயர் என்ன, வீட்டு இலக்கம் என்ன என்று கேட்டுக்கொண்டிருப்பார். தோட்டத்துக்கு வீதிப் பெயர் ஏது? ஆங்கிலத்தில் பதிவான தோட்டத்தின் பெயர் ஒன்றாக இருக்கும். தொழிலாளர் நாவில் வழங்கும் பெயர் வேறாக இருக்கும். அருகிலுள்ள சிங்களக் கிராமத்தின் பெயர் மூன்றாவதாக இருக்கும். இடத்தை விளக்குவதற்கே கால் மணி நேரம் போயிற்று என்று தோட்டப்பகுதி நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். குளவிக் கொட்டினால் தொண்டை வீங்கி மூச்சடைப்பவருக்குக் கால் மணி நேரம் என்பது ஆயுள் முழுவதும்.

மொழியின் விஷயம் இதைவிடப் பெரியது. மாத்தளை மாவட்ட மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், மலையகத் தமிழர், இலங்கைத் தமிழர், முஸ்லிம்கள் என்று, தமிழ் பேசும் சமூகங்களைச் சேர்ந்தவர். தமிழ் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் முதல் ஆட்சிமொழிதான். ஆனால் ‘டித்வா’ நாட்களில் எச்சரிக்கைகள் பல தமிழில் வரவேயில்லை, அல்லது பிந்தி வந்தன என்ற கண்டனம் பரவலாக எழுந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாத்தளை உட்பட மலைநாட்டு மாவட்டங்களுக்கு மண்சரிவுச் சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தது. சிவப்பு என்றால் ‘உடனே வெளியேறு’ என்று பொருள். அந்தப் பொருள் ஒருவரது மொழியில் அவரை வந்தடையாவிட்டால் அது வெறும் நிறம்.

எச்சரிக்கை சென்றும் பயன்படாத நிகழ்ச்சி ஒன்றும் நம் நினைவில் இருக்கவேண்டும். பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை மண் மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் கூறப்பட்டிருந்தது. சொன்னவர்கள் இருந்தார்கள்; கேட்டவர்களும் இருந்தார்கள். மாற்றுக் காணியும் வீடும் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? செய்தியைச் செயலாக்கும் அதிகாரமும் பொறுப்பும் எவர் கையில் என்று தீராதவரை, எந்த எச்சரிக்கையும் கோப்பில் ஒரு தாளாகவே கிடக்கும்.

* * *

இந்த வரலாற்றிலிருந்து மாத்தளைக்கும் அதன் அண்டை மலைகளுக்கும் நான் காணும் தேவைகள் பெரும் பணம் வேண்டுபவை அல்ல.

ஒன்று, அவசர எண் எதுவானாலும், இரவு பகல் எல்லா முறைப்பணியிலும் தமிழில் எடுப்பவர் ஒருவர் இருந்தாகவேண்டும். “தமிழ் தெரிந்தவரைக் கூப்பிடுகிறேன், இருங்கள்” என்ற பதில், விம்போல் வீதி அழைப்பை வரிசையில் நிறுத்தியதற்குச் சமம்.

இரண்டு, அவர் தோட்டத்து வழக்குச் சொற்களைக் கற்கவேண்டும். லயம், மலை, மடுவம், ஸ்டோர், பிரட்டுக்களம், மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் ஆகியவற்றோடு ஒவ்வொரு தோட்டத்தின் மூன்று பெயர்களும் அடங்கிய பட்டியல் ஒன்று அவர் திரையில் இருக்கவேண்டும். அந்தப் பட்டியலைத் தயாரிக்க நிபுணர் குழு வேண்டாம். தோட்டப் பாடசாலை ஆசிரியர்களிடமும் தபால்காரர்களிடமும் கேட்டால் ஒரு மாதத்தில் கிடைத்துவிடும்.

மூன்று, வண்டி வரும்வரை வழிகாட்டும் பயிற்சி. றத்தோட்டைக்கு மேலே நக்கிள்ஸ் மலையடிவாரத் தோட்டங்களுக்குச் சாதாரண நாளிலேயே வண்டி ஏறுவது சிரமம். மழைநாளில் பாதை இருக்குமோ இராதோ. நகரத்தில் ஐந்து நிமிடம் துணைநிற்கும் குரல், இங்கே ஒரு மணி நேரம் துணைநிற்க வேண்டிவரும். அதைத் தமிழில், படிக்காதவருக்கும் விளங்கும் தமிழில், சொல்லப் பழகவேண்டும்.

நான்கு, மறுமுனை தோட்டத்திலும் வேண்டும். கொழும்பிலிருந்து எச்சரிக்கை வந்தால் நள்ளிரவில் எடுப்பதற்கு ஒவ்வொரு டிவிஷனிலும் இருவர், அவர்கள் ஊரை எழுப்புவதற்குக் கோயில் ஒலிபெருக்கி, எல்லோரும் போய்ச் சேர்வதற்கு முன்பே குறித்துவைத்த பாதுகாப்பான கட்டடம். நல்லவாட்டில் இருந்தது அவ்வளவுதான்.

ஐந்து, உயிர் போன ஒவ்வோர் அழைப்பின் ஒலிப்பதிவையும் பிறகு உட்கார்ந்து கேட்கவேண்டும். யாரைத் தண்டிப்பது என்று தேடுவதற்காக அல்ல. எந்தக் கேள்வி பிந்தியது, எந்தச் சொல் புரியவில்லை என்று அறிவதற்காக. தண்டனைக்கு அஞ்சும் இடத்தில் தவறுகள் மறைக்கப்படும்; மறைக்கப்பட்ட தவறு மறுபடியும் நடக்கும். அழைப்பை ஏற்பவர்களின் மனநிலையும் கவனிக்கப்படவேண்டும். நாள்தோறும் அந்நியரின் அலறலைக் காதில் வாங்குவது எளிய உத்தியோகம் அன்று.

இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. அடுத்த மழைக்காலத்துக்கு முன் செய்துமுடிக்கத் தக்கவை இவை. வெளிநாடுகளில் இருக்கும் நம்மவர்கள் நிவாரணத்துக்கு அள்ளிக்கொடுக்கிறார்கள். அந்த ஈகை பெரிது. அதில் சிறு பங்கை இத்தகைய பயிற்சிக்கும் ஒதுக்கும்படி ஊர்ச் சங்கங்கள் கேட்கலாம். மாத்தளை, பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களின் பிரதிநிதிகளிடம் வாக்காளர்கள் கேட்கவேண்டிய கேள்வியும் எளியது: “நள்ளிரவு இரண்டு மணிக்கு, மழையில், எங்கள் லயத்திலிருந்து ஒரு பெண் தமிழில் அழைத்தால் எடுப்பவர் யார்?”

இதற்குப் பதவிப்பெயர் அல்லாத, முறைப்பணிப் பட்டியலில் இருக்கும் ஓர் ஆளின் பெயரைப் பதிலாகச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.